விளாவாத வெந்நீர்

எழுபதைத் தாண்டியும் கைத்தடி இல்லாமல் கடைத்தெருவுக்குப் போய்வருகிற என் வயதுக்காரர்களே, இது உங்களுக்காக எழுதுவது. சின்னவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும். புரியாத இடத்தில் உங்களிடம் வந்து கேட்டுக்கொள்ளட்டும்.

நம் வாசகசாலைக்கு ஆண்டு மலர் போடுகிறார்கள். செயலாளர் தம்பி, பள்ளிக்கூட வாத்தியார், மடிப்புக் கலையாத வேட்டியோடு என் கடைக்கு வந்தார். நோய்களைப் பற்றி ஊரார் வாசிக்க வேண்டிய புத்தகங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்களாம். பதினோரு புத்தகம். ஒவ்வொன்றும் செங்கல் கனம் இருக்கும் போலிருந்தது. கட்டடத்துக்கு இடம் கொடுத்தவள் என்பதால் நானும் ஒன்றிரண்டு சிபாரிசு செய்ய வேண்டுமாம். சொன்னதோடு விட்டிருந்தால் நான் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். "பெரியம்மா, நீங்க வாயால சொன்னாப் போதும், நாங்களே எழுதிக்கிடுதோம்" என்றார்.

"ஏன், எனக்கு எழுத வராதுன்னு உமக்கு யாரு சொன்னா?" என்று கேட்டேன். தம்பி வேட்டியைப் பார்த்துக்கொண்டார்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பில் நாலு மாதமும். அதை வைத்துக்கொண்டு ஏரலில் இரண்டும் திருநெல்வேலியில் ஒன்றுமாக மூன்று கருப்பட்டிக் கடை வைத்தேன். அதற்கு முன்னால் தலையில் பனையோலைக் கடவப்பெட்டியோடு உவரி வரைக்கும் நடந்து கருப்பட்டி விற்று, கருவாட்டோடு திரும்பியவள் நான். கூட வந்த ஆண்பிள்ளைகள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள். என்னை எழுப்பிவிட்டவர் ஒருவரும் இல்லை. நானே எழுந்தேன். என் எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக்காரர் நிமிர்த்திக்கொள்ளட்டும். சொல்லில் ஒன்றையும் மாற்றக் கூடாது.

நான் சிபாரிசு செய்வது ஒரே ஒரு புத்தகம். அதன் பெயர் எனக்குத் தெரியாது. மேலட்டையை நான் கையில் வைத்துப் பார்த்ததில்லை. அதில் ஒரு தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை இரவலும் கொடுக்க மாட்டேன்.

சென்னைப் பட்டணத்தில் எம்டன் கப்பல் குண்டு போட்டதே, அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முந்தின கோடை அது. எனக்கு ஒன்பது வயது. அக்காளுக்குப் பதின்மூன்று. எங்கள் ஊர் ஏரலுக்கு மேற்கே ஆற்றங்கரையில். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. விடியுமுன் போய் வாய்க்கால் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டு, உச்சிப் பொழுதில் முதுகெல்லாம் உப்புப் பூத்து வருவார். அம்மா வீட்டில் வெற்றிலை அடுக்கிக் கட்டுவாள். வெற்றிலை வாடாமலிருக்க ஈரச் சாக்குப் போட்டு மூடிவைத்திருக்கும். அந்தச் சாக்கின் வாசனைதான் எங்கள் வீட்டு வாசனை. பச்சையும் காரமும் மண்ணும் கலந்த ஒரு வாடை. இப்போது எத்தனை வெற்றிலைக் கடையில் நின்று மோந்து பார்த்தாலும் அது வருவதில்லை. நடுவில் ஒரு பக்கம் நசுங்கிய பித்தளைச் செம்பு ஒன்று இருந்தது. அப்பா குடிப்பது அதில்தான். நசுங்கிய இடத்தில் அவருடைய பெருவிரல் சரியாகப் போய் உட்காரும்.

ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது அக்காள் வேலை. வெந்நீர் விளாவுவது என் வேலை. சிரிக்காதீர்கள். அந்தத் தெருவில் என்னைப்போல விளாவ ஆள் கிடையாது. பிறந்த பிள்ளைக்குக் குளிக்க ஊற்ற வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கொதிநீரில் பச்சைத் தண்ணீர் எவ்வளவு சேர்த்தால் கை பொறுக்கும், எவ்வளவு சேர்த்தால் வாய் பொறுக்கும் என்று எனக்கு ஆவியைப் பார்த்தே தெரியும். விரலை விட்டுப் பார்ப்பது ஒரு பெருமைக்குத்தான்.

அந்தக் கோடையில் ஆறு மெலிந்து, மணலின் ஒரு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. மேற்கே சீவலப்பேரிப் பக்கம் வாந்திபேதி கண்டிருக்கிறது என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள். அந்தத் தண்ணீர்தான் இங்கே வருகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பேதி சாலை வழியாக வண்டியேறி வரும் என்று நினைத்து, ஊர் எல்லையில் வேப்பங்குலை கட்டினார்கள். ஆற்றில் யார் குலை கட்டுவார்கள்?

எங்களுக்கு அடுத்த தெரு வேதக்காரர் தெரு, கிறிஸ்தவர்களை அப்போது அப்படித்தான் சொல்வோம். அங்கே ஒரு உபதேசியார் இருந்தார். கோயிலில் பிரசங்கம், பகலில் பள்ளிக்கூடம் இரண்டும் அவர்தான். என்னை இரண்டாம் வகுப்பு வரை கொண்டுவந்தவர் அவர். வேதத்துக்காக நான் போகவில்லை. அவர் மனைவி மத்தியானத்தில் பொட்டுக்கடலை கொடுப்பாள், அதற்காகப் போனேன். உபதேசியாருக்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கட்டுப் புத்தகம் வந்தது. மஞ்சள் அட்டை, நடுவில் நூல் தைத்தது, கையகலம். வாந்திபேதி வராமல் இருக்கவும் வந்தால் பார்த்துக்கொள்ளவும் வழி சொல்லும் புத்தகம். சாதி மதம் பார்க்காமல் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். எங்கள் வீட்டுக்குக் கொடுத்ததை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். அதைத் தொட எனக்கு அனுமதியில்லை.

வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆகவே மூன்று சாயங்காலம் ஊர்க் கிணற்றுப் பக்கம் பூவரச மரத்தடியில் நின்று முதலிலிருந்து கடைசிவரை சத்தமாக வாசித்தார். கிணறு அந்தக் கோடையில் வற்றிக் கிடந்தது. ஆற்றுக்குப் போய்த் திரும்பும் பெண்கள் இடுப்பில் குடத்தோடு அங்கே நின்றார்கள். முதல் நாள் வாசித்ததன் சாரம், குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும் என்பது. இடுப்பில் குடம் கனக்கிறது. விஷயம் தெரிந்துவிட்டது. எல்லோரும் போய்விட்டார்கள். இரண்டாம் நாள் நாலு பேர் நின்றார்கள். மூன்றாம் நாள் ஆடு நின்றது.

நான் இரண்டாம் நாள் போகவில்லை. கொதிக்க வைக்கிற சங்கதியில் எனக்குத் தெரியாதது உபதேசியாருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ஒன்பது வயதிலேயே எனக்கு அந்தத் திமிர் இருந்தது. அதில்தான் நான் பின்னால் கடை வைத்தேன். அதில்தான் இதுவும் நடந்தது.

அம்மா பயந்த சுபாவம். மறுநாளே பனைமட்டையை எரித்து ஒரு பானைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துவிட்டாள். அப்பா கொடிக்காலிலிருந்து வந்தார். தண்ணீர் கேட்டார். அம்மா வெந்நீர்தான் குடிக்க வேண்டும் என்றாள்.

"வெந்நீ குடிக்கதுக்கு நான் என்ன பிள்ளை பெத்தவளாட்டி?" என்று அப்பா சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏட்டி வைத்தியச்சி, வாய் வேகாம விளாவிக் கொண்டா" என்றார்.

கொண்டுபோனேன். நசுங்கின செம்பில் பாதிக்குப் பாதி. கொதித்த தண்ணீர் பாதி, அக்காள் ஆற்றிலிருந்து கொண்டுவந்த பச்சைத் தண்ணீர் பாதி. ஒரே மூச்சில் குடித்துவிட்டு, புகை நாற்றம் அடிக்கிறது என்றார். ஆனால் சூடு கணக்காக இருக்கிறது என்று என் தலையில் தட்டினார். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டு நாள் அப்படிக் கொடுத்தேன். வெந்நீரை விளாவாமல் குடிப்பது என்று ஒன்று உண்டென்றே நம் பெண்களுக்குத் தெரியாதே, நான் எதைக் கண்டேன். புத்தகம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, எழுதியிருக்கிறார். உபதேசியார் அதை வாசித்தும் இருக்கிறார். ஆனால் அவர் அடுப்படியில் நின்றிருந்தால் முதல் நாளிலேயே அதைத்தான் சொல்லியிருப்பார். ஊருக்கெல்லாம் வாசித்தவர் தன் வீட்டு அடுப்படிக்குள் போய் வாசிக்கவில்லை. அவர் மனைவியும் விளாவித்தான் குடித்தாள்.

ஒன்பதாம் நாள் விடியற்காலையில் அப்பாவுக்குக் கண்டது. பொழுது சாயுமுன் முடிந்துவிட்டது. அன்று நடந்ததில் வேறு ஒன்றையும் எழுத மாட்டேன்.

அதே வாரம் உபதேசியார் மனைவிக்கும் கண்டது. அவர் அவளை வில்வண்டியில் படுக்கவைத்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார். அவள் பிழைத்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டோம். அவர்கள் திரும்பி வரவில்லை.

இப்போது ஊர் என்ன நினைத்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். ஊரில் வெந்நீர் குடித்ததே இந்த இரண்டு வீடுதான், முதலில் பேதி கண்டதும் இந்த இரண்டிலும்தான். ஆகவே வெந்நீர்தான் பேதியைக் கொண்டுவந்தது. கொதிக்க வைத்தால் தண்ணீரின் உயிர் போய்விடுகிறது, செத்த தண்ணீர் ஆளையும் சாகடிக்கிறது என்று தெருவில் ஒரு பேச்சு. அந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்திருப்பதே ஆகாது என்றார்கள். ஆனால் எரிக்க ஒருவருக்கும் துணிவில்லை, எந்தச் சாமியின் புத்தகமோ. எல்லோரும் கொண்டுபோய்ப் பலசரக்குக் கடைக்காரரிடம் கொடுத்தார்கள். அம்மாவும் சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கடைக்காரருக்குச் சந்தோஷம். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தாள் தாளாகப் பிரித்து அடுக்கிவைத்துக்கொண்டார். சின்னப் பொட்டலம் மடிக்கக் கணக்கான அளவு.

அப்பா போன ஐந்தாம் நாள் அக்காளுக்குக் கண்டது.

பேதி கண்ட வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். விறகு வேண்டுமென்றால் தெருமுனையில் போட்டுவிட்டுக் குரல் கொடுப்பார்கள். வைத்தியர் ஒருவர்தான் வந்தார். அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை எழுத மாட்டேன். பயப்படாமல் உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, அக்காள் கையைப் பிடித்துப் பார்த்தார். அவரிடமும் ஒரு புத்தகம் இருந்தது, சிவப்புத் துணியில் சுற்றியது. அவர் தகப்பனாரிடமிருந்து வந்தது. அதைத் திறந்து ராகத்தோடு ஒரு பாட்டைச் சொன்னார். சொல்லி முடித்து அம்மாவிடம் அர்த்தம் சொன்னார்.

"ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகப்பிடாது. போச்சுன்னா சன்னி கண்டுரும், பொறவு என்னைக் கேக்கப்பிடாது. ஒதட்ட மட்டும் ஈரத் துணியால ஒத்தி விடு."

ஓமமும் கருப்பட்டியும் போட்டுக் கஷாயமாக வற்றவைத்து, நாக்கில் தடவச் சொல்லிவிட்டு எழுந்தார். அப்பாவுக்கும் இப்படித்தான் சொன்னார். அப்பா தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கொடுக்கவில்லை.

என்னை ஓமமும் கருப்பட்டியும் வாங்கிவர அனுப்பினாள் அம்மா. கடைக்காரர் என்னைக் கண்டதும் நாலடி தள்ளி நிற்கச் சொன்னார். பொட்டலத்தை மடித்து வாசல் கல்லில் வைத்துவிட்டுப் பின்னால் போனார். நான் எடுத்துக்கொண்டு நடந்தேன். எழுத்தைக் கண்டால் வாசித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு. கடைப் பலகை, வண்டி நம்பர், எது கிடைத்தாலும் எழுத்துக் கூட்டுவேன். பொட்டலத்தின் மேல் எழுத்தையும் கூட்டிக்கொண்டே நடந்தேன்.

"ஏட்டி, காயிதத்தப் பாத்துக்கிட்டு நடக்கியே, கல்லு தட்டி விழப்போற" என்று கடைக்காரர் பின்னாலிருந்து சொன்னார்.

விழவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பாதையோரம், வெயிலில், பொட்டலத்தைப் பிரித்து, ஓமம் ஒரு பக்கம் சிந்த.

அந்தத் தாள் சொன்னது இதுதான். கொதித்த தண்ணீரை மூடிவைத்துத் தானாக ஆறவிட வேண்டும். சூடு தணிக்கப் பச்சைத் தண்ணீரை ஒரு கை கூடச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் கொதிக்க வைத்தது வீண். நோய் கண்டவருக்குத் தண்ணீரை மறுக்கக் கூடாது. துளி உப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், வாந்தி எடுத்தாலும் நிறுத்தக் கூடாது. அதற்கு மேல் தாள் கிழிந்திருந்தது.

என் கையைப் பார்த்தேன். செம்பில் விட்டுப் பார்க்கிற அந்த விரலைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பிறகு அக்காள் நினைவு வந்தது. எழுந்து ஓடினேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா அக்காள் தலைமாட்டில் இருந்தாள். ஈரத் துணியை உதட்டில் ஒத்தும்போதெல்லாம் அக்காள் துணியைக் கடித்து உறிஞ்சப் பார்த்தாள். கண் உள்ளே போய்விட்டது. விரல் நுனியெல்லாம் ரொம்ப நேரம் குளித்தவளுடையது போலச் சுருங்கியிருந்தது. என்னைப் பார்த்து, "ஏட்டி, ஒரு மடக்கு" என்றாள். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது.

கஷாயத்துக்கு என்று அடுப்பை மூட்டினேன். ஆனால் பானை நிறையத் தண்ணீர் வைத்தேன். அம்மா கவனிக்கவில்லை. தளதளவென்று கொதித்ததும் நசுங்கின செம்பைக் கொதிநீரிலேயே அலசி, அதில் மொண்டு, உப்புப் போட்டேன். வெறும் உப்புத் தண்ணீரை அக்காள் துப்பிவிடுவாள் என்று தோன்றியது. அந்தத் தாளில் மடித்திருந்த கருப்பட்டியை ஒரு துண்டு உடைத்துப் போட்டேன். இது புத்தகத்தில் இல்லை. இது நானாகச் செய்தது. இப்போது கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் உப்பும் இனிப்பும் சேர்த்துப் பொட்டலமாகக் கொடுத்து, தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொல்கிறார்களே, பெரிய கண்டுபிடிப்பு என்று. அந்தக் கோடையில் ஏரலுக்கு மேற்கே ஒருத்தி ஒன்பது வயதில் அதைக் கலக்கினாள் என்று அவர்களிடம் யாராவது சொல்லுங்கள்.

ஆனால் சூடு. செம்பைத் தொட முடியவில்லை. அதை வெற்றிலைச் சாக்கின் ஈரத்தில் இறுக்கிச் சுற்றினேன், மேலே தட்டைப் போட்டு மூடினேன். அரிசி புடைக்கிற சுளகை எடுத்து விசிறினேன். விசிறி விசிறித் தோள் கழன்றது. தட்டைத் தூக்கினால் ஆவி. மறுபடி விசிறினேன். மறுபடி ஆவி. பக்கத்திலேயே ஆற்றுத் தண்ணீர்க் குடம் இருந்தது. ஒரு சிரட்டை மொண்டு ஊற்றினால் அந்த நிமிஷமே குடிக்கக் கொடுத்துவிடலாம். அக்காள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது, கை தானாகக் குடத்துப் பக்கம் போனது. இரண்டு தடவை போனது. நான் கடைகளில் எவ்வளவோ பாரம் தூக்கியிருக்கிறேன். அன்றைக்கு என் கையை நான் பிடித்துவைத்ததைப் போல ஒரு பாரம் தூக்கியதில்லை. கடைசியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் கவிழ்த்துவிட்டேன்.

அந்தச் சத்தத்தில் அம்மா வந்துவிட்டாள். கவிழ்ந்த குடம், சாக்கில் சுற்றின செம்பு, சுளகு. பார்த்ததும் புரிந்துவிட்டது.

"என்னட்டி செய்யுத?"

தண்ணீர் கொடுக்கப் போகிறேன் என்றேன். ஓர் அறை விழுந்தது. வைத்தியர் சொன்னது காதில் விழவில்லையா, இருக்கிறதையும் வாரிக்கொடுக்கப் பார்க்கிறாயா என்றாள். நான் அழவில்லை. தாளை நீட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த எழுத்தின் அச்சை அடையாளம் தெரிந்தது. சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததுதானே. அது ஆகாத புத்தகம் என்றாள்.

"ஆகாததுன்னா நான் வாசிக்கத மட்டும் கேளு. கேட்டுட்டுப் பொறவு என்னைக் கொல்லு" என்றேன்.

வாசித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான். பச்சைத் தண்ணீரை ஒரு கை கூடச் சேர்க்கக் கூடாது என்ற வரிக்கு வந்தபோது நாக்கு நின்றுவிட்டது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த வரிய இன்னொருக்க வாசி" என்றாள். வாசித்தேன். அம்மா செம்பைப் பார்த்தாள், நசுங்கின இடத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எட்டு நாளும் யார் விளாவினது என்று அவளுக்குத் தெரியாதா.

எனக்கு இன்னோர் அறை விழும் என்று நின்றேன். விழவில்லை. அம்மா கீழே உட்கார்ந்து, சுளகை என் கையிலிருந்து வாங்கி, தானே விசிற ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஆவி இல்லை. செம்பை நான் எடுக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ குடுக்க வேண்டாம். அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் குடுத்ததா இருக்கட்டும்."

இதைச் சொன்னபோது அம்மாவுக்கு இருபத்தெட்டோ முப்பதோ வயது. என் பேத்தியை விடச் சின்னவள். அந்த ஒரு பேச்சில் அவள் எதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. மீதி புரிய நானும் பிள்ளை பெற வேண்டியிருந்தது.

அம்மா அக்காளின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கில் மொண்டு பைய ஊற்றினாள். முதல் சங்கு வெளியே வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நிறுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது என்றேன். இரண்டாவது சங்கும் வந்துவிட்டது. மூன்றாவது நின்றது. ஆற்றுக்குப் போய்வந்த நேரம் தவிர நான் அடுப்பை விட்டு நகரவில்லை. ஒரு செம்பு ஆறும்போது அடுத்த பானை கொதித்தது. மறுநாள் மத்தியானம் வைத்தியர் வரும்போது அக்காள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். நாடி பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஓமத்துக்கு நோவு கேட்டுட்டு பாத்தியா" என்றார் அம்மாவிடம்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தாள்.

இந்த இடத்தில் நான் இன்றைக்கும் அம்மாவோடு சண்டை போடுவேன், அவள் இல்லாவிட்டாலும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பதினைந்து நாள் கழித்து அந்த வைத்தியருக்கே கண்டது. வாயில் தண்ணீர் வைக்காதே என்று தன் மனைவிக்குத் தானே கட்டளை போட்டுவிட்டுப் படுத்தார். நான் விஷயம் கேட்டு அம்மாவிடம் கத்தினேன். அம்மா இந்தத் தடவை தடுக்கவில்லை. செம்பையும் தாளையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் மனைவி வாசலில் நின்று என்னை உள்ளே விடவில்லை. அவர் பேச்சைத் தாண்ட மாட்டேன் என்றாள். உள்ளேயிருந்து அவர் புத்தகத்துப் பாட்டைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது வாசலுக்குக் கேட்டது. தாகத்தில் சொல் உடைந்து உடைந்து வந்தது. சொன்ன சொல்லை விடாத மனிதர். என் செம்புத் தண்ணீரை அவர் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். யாரும் எடுக்கவில்லை. செம்பையும் பிறகு காணவில்லை.

வாசகசாலைத் தம்பி, நோயைப் பற்றிய புத்தகம் என்றால் எனக்கு இந்த இரண்டும்தான் நினைவுக்கு வரும். இரண்டையும் நம்பினவர்கள் இருந்தார்கள். ஒன்றைக் கடைசிவரை நம்பி ஒருவர் செத்தார். மற்றொன்றைப் பாதி மட்டும் கேட்டு நாங்கள் செத்தோம். உம்முடைய பதினோரு புத்தகத்தையும் வாங்கி வையும், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் வாங்கின பிறகு ஒவ்வொன்றையும் அடுப்படியில் நிற்கிற ஒரு பெண்ணுக்கு வாசித்துக் காட்டும். அவள் கையில் என்ன செய்கிறாள் என்று பாரும். அது அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா என்று பாரும். இல்லையென்றால் அந்தப் புத்தகம் எனக்கு வேண்டாம், என் இடத்தில் கட்டின கட்டடத்திலும் வேண்டாம்.

எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர், இதைக் கேட்டுவிட்டு ஆறுதல் சொன்னார். உங்கள் அப்பா கொடிக்காலில் வாய்க்கால் தண்ணீரைக் குடித்திருப்பார், பேதி அங்கிருந்தும் வந்திருக்கலாம் என்றார். வந்திருக்கலாம். ஆறுதல் எனக்கு வேண்டாம். நான் விளாவினேன், அவர் குடித்தார், சூடு கணக்காக இருந்தது என்றார். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. என் அம்மா தன் தலையில் ஏற்றிக்கொண்டு போனதை நான் இறக்கி என் பெயருக்கே எழுதிக்கொள்கிறேன். அதன் பிறகு அவள் நாற்பது வருஷம் இருந்தாள், ஒரு நாளும் என்னை வெந்நீர் விளாவச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் விளாவியிருக்க மாட்டேன்.

தாளை எங்கே பார்க்கலாம் என்று கேட்பீர்கள். காட்டமாட்டேன். கருப்பட்டிக் கறை ஏறி, மடிப்பில் நாலாகப் போய்விட்டது, உங்கள் கை பட்டால் உதிரும். அதற்குப் பதிலாக வேறொன்று செய்யலாம். என் அக்காள் இருக்கிறாள். எண்பத்துமூன்று வயது. அதே ஊரில், அதே தெருவில். ஐந்து பிள்ளை பெற்றாள், எல்லாருக்கும் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. காது மட்டும் கொஞ்சம் மந்தம். சந்தேகம் இருக்கிறவர்கள் நேரே போய்ப் பாருங்கள். தாகமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். செம்பில் கொண்டுவந்து வைப்பாள். ஆவி பறக்கும். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று நீங்கள் எந்தப் பெரிய உத்தியோகத்தில் இருந்தாலும் கேட்டுப் பார்க்க வேண்டாம், கிடைக்காது. தட்டை எடுத்து மூடிவிட்டு, உங்கள் எதிரே உட்கார்ந்து, ஊர் சமாசாரம் விசாரிப்பாள்.

பதில் சொல்லிக்கொண்டிருங்கள். தானாக ஆறும்.